திருநாள் கணக்கில் ஒரு யுத்தம்

*நோணாங்குப்பத்துக் கத்தோலிக்க வீடு ஒன்றில் போருக்கு முன்னும் பின்னும் நடந்ததை, தொண்ணூறு தாண்டிய ஆயா சொல்கிறார். அவர் சொல்லும் நாள்களெல்லாம் கோயில் நாட்காட்டியில் இருப்பவை.*

எங்கள் ஆயாவிடம் வருசம் கேட்டால் பதில் வராது. திருநாள்தான் வரும்.

"சண்டை எப்ப ஆயா ஆரம்பிச்சுது?"

"ஜென்மராக்கினி மாதா திருநாளுக்கு."

"எப்ப முடிஞ்சுது?"

"மாதாவைப் பரலோகத்துக்கு எடுத்துக்கிட்ட திருநாளுக்கு. பூசை முடிஞ்சு வர்றோம், சண்டை நின்னுபோச்சுன்னு ரோட்டுல பேசிக்கிறாங்க."

வயதாகிவிட்டது, எதையோ எதோடோ சேர்த்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவர் சொன்னதை இடது பக்கமும் சரித்திரப் புத்தகங்களில் உள்ள தேதியை வலது பக்கமும் எழுதிக்கொண்டே வந்தேன். ஜப்பான் ஆசியாவில் போரைத் தொடங்கியது நம் கணக்குப்படி 1941 டிசம்பர் 8. புதுச்சேரி சம்பா கோயிலின் பாதுகாவலியான ஜென்மராக்கினி மாதாவுக்கு அன்றுதான் திருநாள். ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தது 1945 ஆகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஆயா ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

ஐரோப்பாவில் 1939-லேயே சண்டை மூண்டுவிட்டதே என்று கேட்டேன். "அது அவுங்க சண்டை. நைனாகிட்டேருந்து காயிதம் நின்னது மாதா திருநாளுக்கு. அதான் எங்க சண்டை" என்றார். நைனா என்றால் அவருடைய அப்பா. ஆயா 'எங்க சண்டை' என்று சொன்ன அந்தச் சண்டையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

பச்சத்தண்ணி பல்லில் படாமல்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்தால் அரியாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றின் கரையில் இருக்கிறது நோணாங்குப்பம். இன்று படகுத் துறைக்கு வருபவர்களால் ஊர் பெயர் வெளியே தெரிகிறது. ஆயா பிறந்த 1934-ல் இது பிரெஞ்சு ராச்சியத்தின் ஓரத்துக் கிராமம். கொஞ்ச தூரம் தெற்கே போனால் வெள்ளைக்காரன் மாறிவிடுவான். கடலூர் இங்கிலீசுக்காரன் சீமை.

வீட்டில் நைனா, அம்மா, அண்ணன், ஆயா என நான்கு பேர். நாளைத் தொடங்கி முடித்தது கோயில் மணி. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மணி அடித்தால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுத் திரிகால செபம் சொல்ல வேண்டும். களத்தில் நெல் தூற்றுகிறவர்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து, அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அரியாங்குப்பம் மாதா கோயிலுக்கு நடை. நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. "பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. வாய் கொப்புளிக்கவே பயம்" என்கிறார் ஆயா. தண்ணீர் குடித்தால் பாதகமில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தளர்த்தியது 1953-ல்தான். பூசை லத்தீனில் நடக்கும். சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், முதுகுதான் தெரியும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். முக்காடு இல்லாமல் கோயில் வாசல்படி மிதிக்க முடியாது.

அந்தக் காலத்தை ஆயா தேன் தடவிச் சொல்வதில்லை. கோயிலுக்குள்ளும் சாதி இருந்தது, யார் எங்கே உட்காருவது என்பதில் அது தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்வார். அதன் வேர் ஆழமானது. சம்பா கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த குறுக்குச் சுவரையும், 1745-ல் அதை எதிர்த்து எழுந்த குரலையும் ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பல குடும்பங்களுக்குப் பிரெஞ்சு உத்தியோகமும் பட்டாளமும் பெரிதாகப் பட்டதற்கு இந்தச் சுவரும் ஒரு காரணம். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி அரசாணைப்படி, பிறப்பால் வந்த சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுத்தால், புதிய குடும்பப் பெயரும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கான உரிமைகளும் கிடைத்தன. அப்படி எழுதிக்கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்டவர்களும் கத்தோலிக்கர்களும் நிறைய. அந்தக் காகிதத்தின் பலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள்.

ஆயாவின் நைனா ஏறியது 1938-ல். சைகோன் சுங்க இலாகாவில் காவல் வேலை. கடற்கரைப் பாலத்திலிருந்து சலங்குப் படகில் ஏற்றி, தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்பது ஒன்றே ஒன்று: நைனா குனிந்து நெற்றியில் சிலுவை போட்டபோது அவர் கட்டைவிரலில் இருந்த புகையிலை வாசனை.

அதே ஆண்டுதான், முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் அந்தக் கடற்கரைச் சாலையில் திறக்கப்பட்டது. ஒரு போரின் கணக்கை முடித்துக் கல் நட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து, அடுத்த போருக்குள் சிக்கப்போகிறவர்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டு கவுனான கதை

1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் விழுந்தது. செப்டம்பரில், மாதா பிறந்தநாளை ஒட்டி, புதுச்சேரி கவர்னர் லூயி பொன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். சைகோனில் நிலைமை வேறு. அங்கே கவர்னர் தெகூ தலைமையிலான நிர்வாகம், ஜெர்மனியோடு சமாதானம் செய்துகொண்ட பெத்தேன் அரசின் பக்கம் நின்றது. ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த இரண்டு ஊர்கள் எதிரெதிர் அணிக்குப் போய்விட்டன. புருசன் சைகோனில், பெண்சாதி நோணாங்குப்பத்தில் என்றிருந்த குடும்பங்கள் யாரையும் கேட்காமலே இரண்டாகப் பிளந்தன. கடிதம் வருவது குறைந்தது. 1941 டிசம்பர் 8-க்குப் பிறகு அடியோடு நின்றது. பணம் வருவதும் அத்தோடு சரி.

அடுத்த பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிறு இன்னொரு அடி. 1942 ஏப்ரல் 5, காலைப் பூசை நேரத்தில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையில் பாதி ஊர் காலி. கடலை ஒட்டிய நோணாங்குப்பத்தில் ராத்திரி விளக்கைக் குடத்துக்குள் இறக்கி வைத்தார்கள். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. நெல் விளையும் ஊரிலேயே கேழ்வரகுக் கூழ் தினச் சாப்பாடானது. ரவையும் முந்திரியும் நெய்யும் முட்டையும் சேர்த்துச் சுடும் விவிக்கம் கேக் இல்லாமல் புதுச்சேரிக் கத்தோலிக்க வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. அந்த வருசம் அம்மா கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டுத் தட்டினாளாம். "அதுக்கும் விவிக்கம்னுதான் பேரு வச்சா. அண்ணன் சிரிச்சான். அம்மா சிரிக்கல."

ராத்திரி செபமாலையைத் தொடங்கி வைப்பது வீட்டு ஆம்பளையின் உரிமை. நைனா போனதிலிருந்து அதை அம்மா எடுத்துக்கொண்டாள். பாயை விரித்து, இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஐம்பத்துமூன்று மணியும் முடிந்து மாதா பிரார்த்தனையும் சொன்ன பிறகு, கடல்மேல் போனவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம், மூன்று பிரியதத்த மந்திரம். தூங்கி விழும் பிள்ளைகளை அதுவரை விடமாட்டாள். "மத்ததுக்கெல்லாம் தூங்கினா தொடையிலே கிள்ளுவா. இதுக்குத் தூங்கினா அழுதுடுவா."

1943-ல் ஆயாவுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. ஒன்பது வயது. புதுநன்மைக்கு வெள்ளைக் கவுனும் தலையில் வெள்ளை நெட்டும் வேண்டும். கடையில் துணி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை எட்டாது. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நைனா சைகோனுக்குக் கொண்டுபோகாமல் விட்டுப்போன வெள்ளை டிரில் கோட்டு ஒன்று அதற்குள் இருந்தது. அதைத் தையல் தையலாகப் பிரித்தாள். கத்தரிக்கோலால் வெட்டவில்லை, ஊசிமுனையால் ஒவ்வொரு நூலாக எடுத்தாள். நூல்கூட வீணாகக் கூடாது. முதுகுத் துணி கவுனின் முன்பக்கமானது. கைகள் பாவாடைக்கு ஒட்டுப் போயின. பையைப் பிரித்த இடத்தில் மட்டும் துணி பழுப்பேறாமல் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது. அம்மா எப்படித் திருப்பிப் போட்டுத் தைத்தும் அந்தச் சதுரம் இடது மார்பில் வந்து நின்றது.

"நன்மை வாங்க வரிசையில போறப்ப கையை அதுமேலயே வச்சுக்கிட்டுப் போனேன். பக்தின்னு நெனச்சாங்க எல்லாரும்."

அம்மாவுக்கு ஒரே பயம், ஆயா இன்றைக்கும் குரல் தாழ்த்திச் சொல்வது: நைனா திரும்பி வந்து கோட்டைக் கேட்டால் என்ன சொல்வது என்பதல்ல. புருசன் உடுப்பை உயிரோடிருக்கும்போதே பிரித்தால் அது அபசகுனமாகிவிடுமோ என்பது. அதற்காகவே வில்லியனூர் லூர்து மாதாவுக்குப் பொருத்தனை வைத்தாள். புருசன் முழுசாக வந்து சேர்ந்தால் நடந்தே வந்து மொட்டை போட்டுக்கொள்வதாக.

1945 மார்ச் 9-ல் ஜப்பான் இந்தோசீனாவின் பிரெஞ்சு நிர்வாகத்தை ஒரே ராத்திரியில் கவிழ்த்து, அதிகாரிகளையும் சிப்பாய்களையும் பிடித்து அடைத்தது. அது பாஸ்காவுக்கு முந்தைய தபசு காலம். நோணாங்குப்பத்துக்கு அந்தச் செய்திகூட வரவில்லை. நைனா வந்தது 1946-ல். எட்டு வருசத்துக்கு முன் கப்பலேறியவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம். அம்மா வில்லியனூருக்கு நடந்தாள். 1877 முதல் அங்கே இருக்கும், பிரான்சிலிருந்து வந்த அந்த லூர்து மாதா சுரூபத்தின் முன் முடியை இறக்கினாள். கோட்டைப் பற்றி நைனா கேட்கவே இல்லை. அந்தக் கவுன் டிரங்குப் பெட்டியின் அடியில் இருப்பதைப் பார்த்து, ஒரு நாள் எடுத்து முகர்ந்துவிட்டு மடித்து வைத்தாராம்.

மெழுகுவர்த்திக்கு இடமில்லாத கல்லறை

அதற்குள் இந்தோசீனாவில் அடுத்த போர் தொடங்கிவிட்டது. 1947 ஆகஸ்ட் 15-ல் தெற்கே கடலூரில் மூவர்ணக் கொடி ஏறியது. நோணாங்குப்பம் பிரெஞ்சுக் கொடியின் கீழேயே இருந்தது. நைனா பார்த்த ஊரை நானும் பார்க்கிறேன் என்று அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தார். புதுச்சேரிப் பேச்சில் சொல்தா ஆகிவிட்டார். 1950-ல் கப்பல் ஏறினார்.

சொல்தா வீடு என்றால் ஊருக்குள் ஒரு மதிப்பு. பணம் வரும், ஓட்டு வீடு மாடி வீடாகும், பிள்ளைகள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். சைகோனிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ருசியில், நெம் என்னும் வியட்நாம் பலகாரத்தைச் சுருட்டும் பழக்கமும் இங்கே ஊறியது. இன்றும் புதுச்சேரியில் நெம் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒரு போர்க்காலத்துப் பலகாரம் என்று தெரியாது. அந்த மதிப்புக்குப் பின்னால் வீட்டை நடத்தியவள் பெண். மணியார்டர் வாங்க, நிலத்துக்குக் கைநாட்டுப் போட, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, செத்தவர்களை அடக்கம் பண்ண என்று எல்லாவற்றுக்கும் அவளேதான் முன்னால் நின்றாள். அதற்குமுன் கடைத்தெருவுக்குத் தனியாகப் போயிராத எங்கள் ஆயாவின் அம்மா, பத்து வருசத்தில் பிரெஞ்சு முத்திரை போட்ட காகிதங்களைத் தலைகீழாகக் காட்டினாலும் எது எது என்று சொல்லக்கூடியவள் ஆனாளாம்.

1954 மே 7-ல் இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையின் தியென் பியென் பூ முகாம் வீழ்ந்தது. மே என்பது மாதா வணக்க மாதம். வீட்டு வாசலில் மாதா படத்துக்குப் பூப் போட்டு, தெருவே கூடிச் செபமாலை சொல்லும் மாதம். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் அண்ணன் இறந்ததாகக் காகிதம் வந்தது. எந்த இடத்தில், எந்த நாளில் என்று அதிலிருந்து அம்மாவுக்கு விளங்கவில்லை. பூமாலையை யாரோ படத்திலிருந்து எடுத்துவிடப் போனபோது, "வேண்டாம், இருக்கட்டும். அவ பிள்ளையும் அப்படித்தான் போனான்" என்றாளாம்.

அந்த ஆண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1, திங்கட்கிழமை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அன்று சகல அர்ச்சியசிஷ்டவர்கள் (புனிதர்கள்) திருநாள். அதே நாளில் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான போர் வெடித்தது. ஒரு சொல்தா ஊருக்கு அன்றைக்கே ஒரு கொடி மாறியது, மறுபக்கம் அடுத்த போரும் பிறந்தது.

ஊர் முழுக்கக் கொண்டாட்டம். மறுநாள் கல்லறைத் திருநாள். எல்லாக் குடும்பங்களும் கல்லறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்படித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றின. அண்ணனுக்குக் கல்லறை இல்லை. அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நடுவதென்று தெரியாமல் நின்றாள். பிறகு கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில், மணலைக் கையால் குழித்து அதில் நட்டாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. யாருடைய பிள்ளைகள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரே வருசத்தில் மூன்று

ஆயாவுக்குக் கலியாணம் 1956-ல். மாப்பிள்ளையும் சொல்தா. வேண்டாமென்று அம்மா அழுதாள், நைனா பேசாமல் இருந்தார். தாத்தா அல்ஜீரியாவுக்குப் போய்த் திரும்பி வந்தார். திரும்பி வந்தவர் அங்கே பார்த்ததைச் சாகும்வரை சொல்லவில்லை. ராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆயாவும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் செபமாலை உருட்டுவார். "கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ என்னமோ. கேக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருந்தாங்க." ஆயா தன் வாழ்க்கையில் வருத்தப்படுவதாக என்னிடம் சொன்ன ஒரே விஷயம் இது.

1962 வந்தது. ஜூலை 5-ல் அல்ஜீரியா விடுதலை. மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள், ஆகஸ்ட் 16-ல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அக்டோபர் 11-ல் ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியது. சில வருசத்தில் லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்தது. சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

இணைப்பு ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுக்காதவர்கள் இந்தியர்கள். மொத்தத்தில் சுமார் 5,000 பேர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது இப்படித்தான். எங்கள் வீட்டில் தாத்தா எழுதிக்கொடுத்தார். பென்சன் அதில்தான் இருந்தது. பெரியப்பாவும் அத்தையும் வளர்ந்து பிரான்சுக்குப் போனார்கள். என் அப்பா இங்கேயே தங்கினார்.

போருக்குப் பிந்தைய கத்தோலிக்கக் குடும்பம் என்று நான் பார்த்து வளர்ந்தது இதுதான். கிறிஸ்துமஸுக்கு வீடு நிறையும், ஜனவரியில் காலியாகும். தாத்தா போன பிறகு, ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்கான சான்று வாங்கி அனுப்பினால்தான் ஆயாவுக்கு விதவைப் பென்சன் வரும். சக்கர நாற்காலியில் அழைத்துக்கொண்டு போவேன். "நைனா, அண்ணன், உங்க தாத்தா, எல்லாத்துக்கும் காயிதம் வந்துச்சு. நான் மட்டும்தான் இருக்கேன்னு காயிதம் அனுப்புறேன்" என்பார்.

தோண்ட வேண்டிய இன்னொரு மேடு

நோணாங்குப்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல், ஆயாவுக்குப் பதினோரு வயதாயிருந்தபோது, தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே குழி வெட்டி ரோமாபுரியோடு நாம் வியாபாரம் செய்ததற்கான ஓடுகளை எடுத்தார். அடுத்து 1947 முதல் கசால் தோண்டினார். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய மதுச்சாடியின் கைப்பிடி உடைந்ததற்கும் கணக்கு இருக்கிறது. அது அவசியம், பெருமை. அதே மண்ணில், அதே யுத்த காலத்தில், புருசனின் கோட்டைப் பிரித்துப் பிள்ளைக்குக் கவுன் தைத்த பெண்ணைப் பற்றி ஒரு வரி எங்கும் இல்லை.

கடற்கரை நினைவுச்சின்னத்தின் முன் ஒவ்வொரு ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் பதக்கம் அணிந்த முன்னாள் சொல்தாக்கள் வந்து நிற்கிறார்கள், எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் கதையையாவது சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார், பெண்சாதிமார், தங்கைமார் சொல்லக்கூடியதைக் கேட்டு எழுத இன்னும் சில வருசம்தான் மிச்சம். 1945-ல் புதுநன்மை வாங்கிய பிள்ளைக்கு இன்று தொண்ணூறு வயது. நோணாங்குப்பம், அரியாங்குப்பம், நெல்லித்தோப்பு, குருசுக்குப்பம் என்று பங்குக்குப் பங்கு இப்படி ஓர் ஆயா இருப்பார். பங்குக் கோயில் பதிவேடுகளில் அவர்களுடைய ஞானஸ்நானமும் கலியாணமும் இருக்கும், நடுவில் நடந்தது இருக்காது. ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் குழு ஒரு செல்போனை எடுத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: அவர்களிடம் தேதி கேட்காதீர்கள். திருநாளைக் கேளுங்கள். ஆண்கள் போரைக் கப்பல் பெயராலும் படைப்பிரிவு எண்ணாலும் நினைவு வைத்தார்கள். இந்தப் பெண்கள் அதை, தாங்கள் முழந்தாளில் நின்ற நாள்களால் நினைவு வைத்திருக்கிறார்கள்.

போன கல்லறைத் திருநாளுக்கு ஆயாவால் வர முடியவில்லை. கால் வீங்கியிருந்தது. தாத்தாவுக்கு, பூட்டனுக்கு, பூட்டிக்கு என்று மெழுகுவர்த்திகளை எண்ணிக் கொடுத்தவர், கடைசியில் ஒன்றைத் தனியாகக் கையில் வைத்தார். "இது சிலுவைக்குக் கீழே. மண்ணைக் கையால குழி. குச்சியால குழிக்காத, சாஞ்சிடும்."

நட்டுவிட்டு வந்து, நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் எல்லா வரியும் நிரம்பியிருந்தன, ஒன்றைத் தவிர. அண்ணன் இறந்த நாள். பிரான்சில் இருக்கும் பெரியப்பாவிடம் சொல்லிப் பட்டாள ஆவணத்தில் தேடச் சொல்லலாமா என்று கேட்டேன். தேதி கிடைத்தால் வலது பக்கமும் நிறைந்துவிடும்.

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தேடு. கெடச்சா எழுதிக்க. ஆனா இந்தப் பக்கம் மாதா வணக்க மாசம்னு இருக்குல்ல, அதை அடிக்காத. அம்மா அந்த மாசம் பூரா அவனுக்காகத்தான் வேண்டிக்கிட்டா. எந்த நாளா இருந்தாலும் அதுக்குள்ள வந்துடும்."